எண்ணப்படாத உறுப்புகள்: ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை குறைக்கப்படும் வரலாறு

1974இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து ஒரு சிறிய மருத்துவ அறிக்கை வெளிவந்தது. அதை எழுதிய குழுவின் தலைவர் நார்மன் நிக்ரோ, வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குடல் அறுவைச் சிகிச்சை நிபுணர். அறிக்கை மூன்றே மூன்று நோயாளிகளைப் பற்றியது. மூவருக்கும் ஆசனவாயில் புற்றுநோய். அறுவைக்கு முன்பே கட்டியைச் சுருக்கிவிட்டால் நோய் திரும்புவது குறையலாம் என்று எண்ணி, மூவருக்கும் மிதமான அளவில் கதிர்வீச்சும் கூடவே கீமோ மருந்துகளும் கொடுத்தார்கள். பிறகு இருவருக்கு அறுவை நடந்தது. வெட்டியெடுத்த பகுதியைச் சோதித்தபோது அதில் புற்றுநோயே இல்லை. மூன்றாமவர் அறுவைக்குச் சம்மதிக்கவில்லை. அவருக்கும் நோய் தென்படவில்லை.

மருத்துவ வரலாறு இதை நிக்ரோவின் கண்டுபிடிப்பு என்று பதிவு செய்திருக்கிறது. அதில் பிழையில்லை. ஆனால், இதைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த மூன்றாமவரிடம்தான் நின்றுவிடுகிறேன். வெட்டாமலே ஒருவர் பிழைத்திருக்க முடியும் என்று காட்டியது அவர் சொன்ன 'வேண்டாம்'. அவர் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஆசனவாய்ப் புற்றுநோய் அரிதான நோய். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதனால் பாதிக்கப்படுவோரில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சையைக் குறைத்தாலும் குணமாகுமா என்பதை இந்த இரு நாடுகளிலும் இப்போது ஆராய்கிறார்கள். இதை நான் ஒரு பெண்ணியக் கேள்வியாகப் பார்க்கிறேன். எதைக் குறைக்கலாம் என்று முடிவெடுக்க வேண்டுமென்றால், சிகிச்சையால் எது இழக்கப்படுகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுடல் இழந்ததை வெகுகாலம் யாரும் எண்ணவில்லை.

வேரோடு வெட்டிய காலம்

1908இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் எர்னஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புற்றுநோய்க்கான ஒரு புதிய அறுவை முறையை 'லான்செட்' இதழில் விவரித்தார். வயிற்றின் வழியாக ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை என இரண்டு பக்கமும் வெட்டி, மலக்குடலையும் ஆசனவாயையும் சுற்றியிருக்கும் திசுக்களோடு அகற்றும் முறை அது. கீழே தைத்து மூடிவிடுவார்கள். வயிற்றில் ஒரு துளையிட்டுக் குடலின் முனையை அங்கே கொண்டுவந்து வைப்பார்கள். வாழ்நாள் முழுக்க மலம் அதன் வழியேதான் வெளியேறும். பெண்களுக்குச் சில வேளைகளில் யோனியின் பின்சுவரும் சேர்ந்தே போகும். ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் இதுவே வழக்கமான சிகிச்சையானது; நிக்ரோவின் காலம் வரைக்கும் நீடித்தது.

மைல்ஸின் முறை தனியாக முளைத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையைப் பரப்பியிருந்தார். நோயை வேரோடு எடுக்க வேண்டும், எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. அதைக் கேள்வி கேட்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின.

மார்பக விஷயத்தில் கேள்வி கேட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளருக்கு 1974இல் மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அக்காலத்தில் திசுச் சோதனைக்கென்று மயக்க மருந்து கொடுப்பார்கள்; புற்றுநோய் என்று தெரிந்தால் அந்த மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். மார்பகம் இருக்கிறதா இல்லையா என்பது கண் விழித்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். குஷ்னர் இதை ஏற்கவில்லை. சோதனை தனி, அறுவை தனி என்று அடம்பிடித்தார். அதே ஆண்டு அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு அறுவை நடக்கவிருந்தபோது, வெள்ளை மாளிகையைத் தொலைபேசியில் அழைத்து இதை எடுத்துச் சொல்ல முயன்றார். ஜனாதிபதி முடிவெடுத்துவிட்டார் என்ற பதில் வந்ததாகப் பின்னர் குஷ்னரே சொன்னார். மனைவியின் மார்பகம், முடிவு கணவருடையது.

1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராகக் குஷ்னர் அமர்ந்தார். ஹால்ஸ்டெட் முறை இனி வழக்கமான சிகிச்சையல்ல என்று அந்தக் குழு கூறியது. பெர்னார்ட் ஃபிஷர் போன்ற மருத்துவர்கள் நடத்திய ஆய்வுகளும் அதற்குத் துணை நின்றன. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறையவில்லை என்பதை அவருடைய ஆய்வு 1985இல் நிறுவியது.

ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு ஒரு ரோஸ் குஷ்னர் கிடைக்கவில்லை. அது ஏன் என்று புரிந்துகொள்ள, அந்த உறுப்பின் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

பெயர் சொல்லக் கூசும் இடம்

தமிழில் ஆசனவாய், மலவாய், குதம் என்று பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால், பேச்சில் எதுவும் வருவதில்லை. 'அந்த இடம்', 'பின்பக்கம்', 'மோஷன் போற இடம்' என்று சுற்றி வளைக்கிறோம். அங்கே இரத்தம் வந்தால் அது 'மூலம்' என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். நாட்டுமருந்து, களிம்பு, காரத்தைக் குறைப்பது என்று மாதங்கள் போகும். பெரும்பாலான நேரம் அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மை. மற்ற நேரங்களில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

மருத்துவமும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தது. மூலம், வெடிப்பு போன்றவற்றால் ஏற்படும் நாள்பட்ட உறுத்தலே இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று கருதினார்கள். அந்தக் கருத்தை அசைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சியாட்டிலைச் சேர்ந்த நோய்ப்பரவலியல் அறிஞர் ஜேனட் டேலிங். 1980களில் அவர் வெளியிட்ட ஆய்வுகள் பாலுறவின் வழி பரவும் தொற்றுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டின. 1997இல் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் நடந்த பெரிய ஆய்வு, சோதித்த கட்டிகளில் 88 சதவீதத்தில் எச்.பி.வி. வைரஸ் இருப்பதைக் கண்டது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ். அதனால்தான் கருப்பை வாயிலோ பெண்குறியின் வெளிப்பகுதியிலோ இந்த வைரஸால் பாதிப்பு வந்த பெண்களுக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆசனவாய்வழி உறவு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. இந்த வைரஸ் தோலோடு தோல் படுவதாலேயே பரவக்கூடியது.

காரணம் தெரிந்தது மருத்துவத்துக்கு நன்மை. நோயாளிகளுக்கோ வெட்கத்தின் மேல் இன்னொரு வெட்கம் ஏறியது. இது ஒருபாலீர்ப்புள்ள ஆண்களின் நோய் என்று பொதுவெளியில் ஒரு பிம்பம் உருவானது. அந்த ஆண்கள் மீது பழி விழுந்தது. நோயுற்ற பெண்களோ அந்தப் படத்திலேயே இல்லை.

எழுபதுகளில் உலகம் முழுக்கச் சுவர்களில் ஒட்டப்பட்ட முகம் நடிகை ஃபேரா ஃபாஸெட்டினுடையது. 2006இல் அவருக்கு ஆசனவாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர் சிகிச்சை பெற்ற இடத்தின் ஊழியர் ஒருவர் மருத்துவக் கோப்பைத் திறந்து பார்த்து, விவரங்களை வம்புப் பத்திரிகைக்கு விற்றார். ஃபாஸெட் ஒளிந்துகொள்ளவில்லை; தன் சிகிச்சையைத் தானே படமாக்க ஏற்பாடு செய்தார். அந்த ஆவணப்படம் 2009 மே மாதம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஜூன் 25 அன்று அவர் இறந்தார். அதே நாளில் மைக்கேல் ஜாக்சனும் இறந்ததால் செய்தித்தாள்களின் முதல் பக்கம் அவருக்குப் போனது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019இல், நடிகை மார்சியா கிராஸ் தனக்கும் இதே நோய் வந்து குணமானதை வெளிப்படையாகப் பேசினார். வெட்கப்படுவதை நிறுத்துவோம் என்பதே அவர் பேச்சின் சாரம்.

எண்ணியவை

நிக்ரோவின் பெயரால் அறியப்படும் முறையில் கதிர்வீச்சின் அளவு 30 கிரே. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு. பிரிட்டிஷ் இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்ட் கிரேயின் நினைவாக வைத்த பெயர். அந்த 30 பிறகு படிப்படியாக ஏறியது. அறுவை போய்விட்டதால் கதிர்வீச்சே முழு வேலையையும் செய்ய வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்ற எண்ணம். பிரிட்டனில் இன்று வழக்கமான அளவு 50.4 கிரே. ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 28 நாள்.

இடையில் பெரிய ஆய்வுகள் நடந்தன. 585 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு ஒன்றின் முடிவு 1996இல் வந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் நோய் கட்டுப்படாமல் போனது அல்லது திரும்பியது. கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 36 சதவீதம். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று, மைட்டோமைசின் என்ற கடுமையான மருந்தை விட்டுவிட முடியுமா என்று பார்த்தது. முடியாது என்று தெரிந்தது. மருந்தை விட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு நான்கு ஆண்டுகளுக்குள் வயிற்றில் துளை போட வேண்டிவந்தது. சேர்த்துக்கொண்டவர்களில் 9 சதவீதத்தினருக்கு மட்டுமே.

2013இல் முடிவு வெளியான, 940 பேர் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு இரண்டு விதங்களில் சுமையைக் குறைத்தது. சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்து கீமோ கொடுப்பதால் பயனில்லை என்று காட்டியது முதலாவது. இரண்டாவது, எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு: பொறுத்திருத்தல். 11ஆம் வாரத்தில் கட்டி முழுதாக மறையாதவர்களில் 72 சதவீதத்தினருக்கு, வேறெதுவும் செய்யாமலே, 26ஆம் வாரத்துக்குள் மறைந்துவிட்டது. அவசரப்பட்டிருந்தால் அவர்களில் பலர் அறுவை மேசைக்குப் போயிருப்பார்கள்.

இந்த ஆய்வுகள் எதை எண்ணின என்று பாருங்கள். உயிர், நோய் திரும்புதல், வயிற்றில் துளை. 'துளையின்றி வாழ்ந்த காலம்' என்பதே ஒரு முக்கிய அளவுகோலாக இருந்தது. இவை எண்ண வேண்டியவைதான். துளையோடும் பையோடும் வாழ்வது எளிதல்ல. அதைத் தவிர்த்தது பெரும் சாதனை. ஆனால், துளை இல்லை என்றால் எல்லாம் நலம் என்று கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

எண்ணாமல் விட்டவை

இடுப்புக்குள் கதிர்வீச்சு பாயும்போது அது ஆசனவாயில் மட்டும் படுவதில்லை. சில மில்லிமீட்டர் முன்னால் யோனி இருக்கிறது. கதிர் பட்ட யோனி உலர்ந்து, சுருங்கி, இறுகிப்போகிறது. சில பெண்களுக்கு உறவு மட்டுமல்ல, மருத்துவர் செய்யும் உட்பரிசோதனைகூடத் தாங்க முடியாத வலியாகிறது. சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க டைலேட்டர் என்ற குழல் போன்ற கருவியை மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வைத்துப் பழக வேண்டும். சினைப்பை செயலிழந்து, முப்பது வயதிலும் மாதவிடாய் நின்றுபோகலாம். மலத்தை அடக்க முடியாமல், வெளியே கிளம்புவதற்கு முன் கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

எலும்பும் தப்புவதில்லை. இடுப்பில் கதிர்வீச்சு பெற்ற, 65 வயதைக் கடந்த பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஆசனவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இடுப்பெலும்பு முறிந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் இது 7.5 சதவீதம். குளியலறையில் வழுக்கி விழும் பாட்டியின் எலும்பு முறிவைப் பத்து வருடத்துக்கு முந்தைய சிகிச்சையோடு யார் பொருத்திப் பார்க்கப் போகிறார்கள்?

இவற்றை அளக்கும் கருவிகளே தாமதமாகத்தான் வந்தன. ஆண்களின் விறைப்புத்தன்மையை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் 1997இல் வெளியானது. வயாக்ரா மாத்திரைக்கான ஆய்வுகளுக்கு அது தேவைப்பட்டது. பெண்களின் பாலியல் நலனை அளக்கும் அதேபோன்ற கேள்வித்தாள் வந்தது 2000இல். ஆசனவாய்ப் புற்றுநோய்க்கென்றே நோயாளிகளிடம் கேட்டு உருவாக்கிய 27 கேள்விகள் கொண்ட தாள் அதற்கும் வெகுகாலம் பிறகுதான் வந்தது. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் தானாக வந்து பதில் சொல்வதில்லை, அதுவும் இந்த இடத்தைப் பற்றி.

ஐந்து நாள் குறைவு

ஆரம்ப நிலைக் கட்டிகளில் பெரும்பாலானவை இந்தச் சிகிச்சையால் குணமாகிவிடுகின்றன. எச்.பி.வி.யால் வரும் கட்டிகள் கதிர்வீச்சுக்கு எளிதில் மசிபவை. பெரிய கட்டிக்குக் கொடுக்கும் அதே அளவைச் சின்னக் கட்டிக்கும் கொடுப்பது ஏன் என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரை மையமாகக் கொண்ட 'பிளாட்டோ' என்ற ஆய்வுத் திட்டம், நோயின் நிலைக்கேற்ப மூன்று பிரிவுகளாக நடத்தப்பட்டது. அதில் ஏ.சி.டி.4 என்ற பிரிவு, 4 செ.மீ.க்கு மிகாத, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத கட்டிகளுக்கானது. குலுக்கல் முறையில் சிலருக்கு வழக்கமான 50.4 கிரே 28 நாளில், மற்றவர்களுக்கு 41.4 கிரே 23 நாளில். அமெரிக்காவில் 'டிக்ரீஸ்' என்ற ஆய்வும் இதே கேள்வியைக் கேட்கிறது. அது நோய் கட்டுப்படுவதோடு வாழ்க்கைத் தரத்தையும் முதன்மையான அளவுகோலாக வைத்துக்கொண்டது.

28 நாளுக்கும் 23 நாளுக்கும் ஐந்து நாள்தான் வித்தியாசம். அது கடைசி வாரம் என்பதை மறந்துவிடக் கூடாது. கவட்டுத் தோல் உரிந்து, சிறுநீர் படும்போதெல்லாம் எரிந்து, உட்காரவும் முடியாமல் போவது அந்தக் கடைசி வாரங்களில்தான்.

இதில் மிகைப்படுத்தலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. சினைப்பைக்குச் சில கிரே பட்டாலே போதும், அது செயலிழந்துவிடும். ஆகவே 41.4 ஆனாலும் கருவுறும் வாய்ப்பு தானாகக் காப்பாற்றப்படுவதில்லை. அதற்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன்பே சினைப்பையை மேலே நகர்த்தி வைப்பது, கருமுட்டையைச் சேமிப்பது பற்றிப் பேச வேண்டும்.

குறைப்பது எப்போதும் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. எச்.பி.வி.யால் வரும் தொண்டைப் புற்றுநோயில், சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதில் உடலைக் குறைவாக வருத்தும் என்று நம்பப்பட்ட செடுக்சிமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் ஐரோப்பிய ஆய்வின் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தவர்கள் பழைய மருந்தில் 97.5 சதவீதம், புதிய மருந்தில் 89.4 சதவீதம். அனைவரும் எதிர்பார்த்த நிம்மதியும் கிடைக்கவில்லை. பக்கவிளைவுகள் மொத்தத்தில் குறையவில்லை. நல்லெண்ணத்தால் மட்டும் அளவைக் குறைத்தால் உயிர் போகும். ஆசனவாயில் நோய் திரும்பினால் பெண்ணுக்குக் காத்திருப்பது 1908இன் அதே மைல்ஸ் அறுவைதான். அதனால்தான் இந்தக் குறைப்பை முறையான ஆய்வின் வழியே, நீண்ட காலக் கண்காணிப்போடு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வுகளில் தங்கள் உடலை முன்வைத்த பெண்களை நான் துணிச்சல்காரர்கள் என்றே சொல்வேன்.

நம் பக்கத்தில்

சென்னை அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவரை அந்தப் பணிக்குத் தள்ளியது மலக்குடல் புற்றுநோயால் இறந்துபோன தங்கையின் நினைவு. சொல்லக் கூசும் ஓர் உறுப்பின் நோயிலிருந்துதான் நம் ஊரின் புற்றுநோய் மருத்துவ வரலாறும் ஒரு வகையில் தொடங்குகிறது.

ஆசனவாய்ப் புற்றுநோய் நம்மிடையே அரிது. ஆனால், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர்வீச்சு பெறும் பெண்கள் ஏராளம். 'கரண்ட் வைக்கிறாங்க' என்பது அவர்கள் சொல். யோனி இறுகுவது, மாதவிடாய் நிற்பது, எலும்பு வலுவிழப்பது எல்லாம் அவர்களுக்கும் நடக்கிறது. 'கரண்ட்' முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது எத்தனை பேரிடம் டைலேட்டர் பற்றிச் சொல்கிறார்கள்? கணவரை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் எத்தனை மருத்துவர்கள் பேசுகிறார்கள்?

மருத்துவம் பயிலும் மாணவிகள் இதை வாசித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் கோப்பில் உயிர், கட்டி, இரத்த அளவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். உறவின்போது வலி, மலம் அடங்காமை, வெளியே போக முடிகிறதா என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். மற்ற வாசகிகளுக்கு: அந்த இடத்தில் இரத்தமோ கட்டியோ சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை என்று வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் நோய் எந்த நிலையில் இருக்கிறது? எனக்கு எத்தனை கிரே, எத்தனை நாள்? என் யோனிக்கும் சினைப்பைக்கும் எலும்புக்கும் என்ன ஆகும்? அதைத் தடுக்க இன்றே என்ன செய்யலாம்? கேட்கும்போது உறுப்பின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.